கிணற்றில் கிடைத்த ஜாடியும் என் ட்ரோஜனும்

"மாப்ள, நீ குடுத்ததுல வைரஸ் இருக்காம்டா."

மாமா போன்ல இப்படித்தான் ஆரம்பிச்சார். ஆபீஸ்ல ஆணி அதிகமா இருந்த ஒரு திங்கட்கிழமை காலை. மாமாவுக்கு நேரு வீதிக்குப் பின்னாடி ஒரு சந்துல டிடிபி சென்டர். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி, எல்லாம் அங்கே அடிச்சுத் தரப்படும். இருபது வருஷமா பேஜ்மேக்கரும் வானவில் எழுத்துருவும்தான் அவருக்குச் சோறு போடுது. சிக்கல் என்னன்னா, இப்ப வர்றவங்க யாரும் பேப்பர்ல எழுதிட்டு வர்றதில்ல. வாட்ஸப்ல யூனிகோட் தமிழ்ல மேட்டரை அனுப்பிடறாங்க. அதை பேஜ்மேக்கர்ல ஒட்டினா தாய்மாமன் பேரெல்லாம் வரிசையா கேள்விக்குறியா நிக்கும். மறுபடி முழுசும் தட்டணும்.

நம்ம குடும்பத்துல பொட்டி தட்டுறவன் நான் ஒருத்தன்தான். அதனால பைத்தான்ல ஒரு குட்டி நிரல் எழுதிக் குடுத்தேன். வாட்ஸப்ல காப்பி பண்ணு, எஃப்9 அமுக்கு, வானவில்லுக்கு மாறிடும், பேஜ்மேக்கர்ல ஒட்டு. அவ்ளோதான். மூணு மாசம் ஜோரா ஓடுச்சு. கடையில வந்து போறவங்க கிட்டயெல்லாம் "என் அக்கா பையன் செஞ்சது" ன்னு மாமா பெருமையா காட்டினாராம்.

அப்புறம் ஒரு நாள் அவர் மெஷின்ல இருந்த வைரஸ் எதிர்ப்பான் (பேரு வேணாம்) புதுப்பிச்சுக்கிட்டது. மறு நிமிஷம் சிவப்புப் பெட்டி. ட்ரோஜன் பிடிபட்டது, நீக்கப்பட்டது. பக்கத்துல உக்காந்திருந்தவர் அரியாங்குப்பத்துக்காரர், மக கல்யாணப் பத்திரிகை 500 அடிக்க வந்தவர். சிவப்பைப் பாத்ததும் தன்னோட பென் டிரைவைப் பிடுங்கி சட்டைப்பையில போட்டுக்கிட்டு, "அப்புறம் வரேன்" னு கிளம்பிட்டாராம். அப்புறம் வரவே இல்ல.

அது கூடப் பரவால்ல. மாமா கடைசியா சிரிச்சுக்கிட்டே ஒண்ணு கேட்டார். "ஏன்டா, இது வழியா பாஸ்வேர்டு ஏதும் உனக்கு வருதா?" பாதி விளையாட்டுதான். ஆனா அந்த மீதிப் பாதி ராத்திரி தூங்க விடல. எழுந்து உக்காந்து, இந்த மாதிரி நல்ல நிரலைக் கெட்டதுன்னு சொன்ன வரலாற்றை நோண்ட ஆரம்பிச்சேன். நோண்டினதுல கிடைச்சதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீ போட்டுக்கிட்டு வாங்க.

முதல்ல இந்தக் காவல்காரர் எப்படி வேலை செய்றார்னு பாத்துடுவோம். பழைய முறை சுலபம். தெரிஞ்ச வைரஸ் ஒண்ணைப் பிரிச்சு, அதுல மட்டும் இருக்குற ஒரு பைட் வரிசையை எடுத்து வச்சுக்கறது. வலது கன்னத்துல மச்சம், இடது புருவத்துல தழும்புன்னு போலீஸ் ஸ்டேஷன்ல எழுதி வைக்கிற அங்க அடையாளம் மாதிரி. எந்தக் கோப்புல அந்த வரிசை இருக்கோ அது குற்றவாளி. தப்பு எங்கே நடக்கும்? எடுத்த மச்சம் ஊர்ல பாதிப் பேருக்கு இருக்குற மச்சமா போயிட்டா அவ்ளோதான். வைரஸ் எழுதறவனும் நாம பயன்படுத்துற அதே கம்பைலர், அதே லைப்ரரியைத்தானே பயன்படுத்தறான்.

1984-லேயே ஃப்ரெட் கோஹன் தன் ஆய்வுக் கட்டுரையில, எல்லா வைரஸையும் தப்பே இல்லாம கண்டுபிடிக்கிற ஒரு நிரலை எழுதவே முடியாதுன்னு நிறுவிட்டார். ஒண்ணு சிலதை விட்டுடும், இல்ல அப்பாவியைப் பிடிக்கும். கம்பெனிகள் பிழைப்பு நடத்துறது அந்த ரெண்டுக்கும் நடுவுல ஏதோ ஒரு இடத்துல. (இது வெளிநாட்டு விவகாரம்னு நினைக்காதீங்க. சென்னையில கே7 கம்ப்யூட்டிங் 1991-ல ஆரம்பிச்சது. புனேல குயிக் ஹீலும் தொண்ணூறுகள்லதான்.)

அப்பாவியைப் பிடிச்ச கதைகள்ல பெரிசு 2010 ஏப்ரல் 21. மெக்காஃபி அன்னிக்கு அனுப்பின 5958-ஆம் எண் கோப்பு, விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3-ல இருந்த எஸ்விசிஹோஸ்ட்-ங்கிற கோப்பை வீகார்ல்-ங்கிற வைரஸ்னு சொல்லிடுச்சு. அது விண்டோஸோட இதயம் மாதிரி. அதை எடுத்துட்டா மெஷின் தானா அணைஞ்சு எழும், மறுபடி அணையும், நெட்வொர்க் போயிடும். நெட்வொர்க் போச்சுன்னா திருத்தின கோப்பை எப்படி அனுப்புவாங்க? முடியாது. ஒவ்வொரு மெஷினா போய் உக்காந்து கையால சரி பண்ணணும். அமெரிக்காவுல ரோட் ஐலண்ட் மருத்துவமனைகள் அவசரப் பிரிவுல சில நோயாளிகளைத் திருப்பி அனுப்பினாங்க. ஆஸ்திரேலியாவுல கோல்ஸ் சூப்பர் மார்க்கெட்ல கல்லாப்பெட்டி மெஷின் நின்னு சில கடைகளை மூடினாங்க. இன்டெல் கம்பெனிக்குள்ளேயே மெஷின்கள் விழுந்துச்சு. அதே இன்டெல் அதே வருஷம் ஆகஸ்ட்ல மெக்காஃபியை 768 கோடி டாலருக்கு வாங்கறதா அறிவிச்சது தனிக் காமெடி.

ஏன் இப்படி ஆச்சு? அனுப்பறதுக்கு முன்னாடி சோதிச்ச மெஷின்கள்ல எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3-யும் அவங்களோட 8.7 பதிப்பும் சேர்ந்திருந்த கூட்டணி இல்ல. உலகத்துல லட்சக்கணக்கான ஆபீஸ்கள்ல இருந்த கூட்டணி, சோதனைக்கூடத்துல இல்ல! அப்போ மெக்காஃபியில தொழில்நுட்பத் தலைவரா இருந்தவர் ஜார்ஜ் கர்ட்ஸ். பேரைக் கேட்ட மாதிரி இருக்கா? 2024 ஜூலை 19-ல ஒரு தப்பான அப்டேட்டால 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் நீலத்திரை காட்டி, நம்ம ஊர் ஏர்போர்ட்ல கையால போர்டிங் பாஸ் எழுதிக் குடுத்தாங்களே, அந்த கிரவுட்ஸ்ட்ரைக்கோட தலைமை நிர்வாகி. அது நல்லதைக் கெட்டதுன்னு சொன்ன கேஸ் இல்ல, கோளாறான கோப்பு. ஆனாலும் ஒரே மனுஷனுக்கு ரெண்டு தடவை. பாவம்தான்.

இதே மெக்காஃபி 2006 மார்ச்ல எக்செல்லை வைரஸ்னு பிடிச்சிருக்கு. 2011 செப்டம்பர்ல மைக்ரோசாஃப்ட்டோட எதிர்ப்பான் கூகுள் குரோமை, பேங்க் பாஸ்வேர்டு திருடுற ஸீபாட்-னு சொல்லி நீக்கிடுச்சு (போட்டிக் கம்பெனி உலாவியை! வேணும்னே பண்ணலன்னு நம்புவோம்). 2012 செப்டம்பர்ல சோஃபாஸ் தன்னோட சொந்த அப்டேட் நிரலையே வைரஸ்னு பிடிச்சுது. தன் வாலைத் தானே கடிச்ச கதை. 2009 ஜனவரி 31 சனிக்கிழமை, நம்ம நேரப்படி ராத்திரி எட்டு மணிக்கு, கூகுள் தேடல்ல வந்த எல்லாத் தளமும் உங்க கணினிக்குத் தீங்கு செய்யலாம்னு ஒரு மணி நேரம் போலக் காட்டுச்சு. ஆபத்தான தளங்கள் பட்டியல்ல யாரோ ஒத்தை சாய்வுக்கோட்டைச் சேத்துட்டாங்க. சாய்வுக்கோடு இல்லாத முகவரி ஏது?

இதெல்லாம் படிச்சு சிரிச்சுக்கிட்டே வந்தவன், ரெண்டு கேஸ்ல நிமிர்ந்து உக்காந்தேன்.

ஒண்ணு, 2007 மே 18. சிமான்டெக் நிறுவனத்தோட நார்ட்டன், விண்டோஸோட ரெண்டு முக்கியமான கோப்புகளை ஹாக்ஸ்டோர்-ங்கிற பின்வாசல் நிரல்னு சொல்லி எடுத்துடுச்சு. மெஷின் மறுபடி எழவே இல்ல. எங்கே? எளிய சீன எழுத்துல இருந்த விண்டோஸ் எக்ஸ்பியில மட்டும். ஆங்கில எக்ஸ்பிக்கு ஒரு கீறல் இல்ல. சீனாவுல எத்தனையோ ஆபீஸ் நின்னுபோச்சு, வழக்கு வரைக்கும் போச்சு. கம்பெனி கடைசியில சந்தாவை ஒரு வருஷம் நீட்டிக் குடுத்துச்சு.

ரெண்டு, 2008 நவம்பர். ஏவிஜி எதிர்ப்பான், யூசர்32-ங்கிற விண்டோஸ் கோப்பை பேங்க் பாஸ்வேர்டு திருடற ட்ரோஜன்னு சொல்லுச்சு. நீக்கினவங்க மெஷின் படுத்துடுச்சு. எங்கே? டச்சு, பிரெஞ்சு, இத்தாலியன், போர்ச்சுகீஸ், ஸ்பானிஷ் எக்ஸ்பியில. இங்கேயும் ஆங்கிலத்துக்குக் கேடு இல்ல. (பாண்டிக்காரங்க கவனிக்க: 1954-ல பிரெஞ்சுக்காரன் கிளம்பாம இருந்திருந்தா அன்னிக்கு நம்ம கலெக்டர் ஆபீஸ் மெஷினும் போயிருக்கும். ஹி ஹி.)

ஏன்? ஆங்கில விண்டோஸ்ல தப்பா பிடிச்சா கம்பெனிக்குள்ள இருக்கிறவனோட மெஷினே முதல்ல விழும். அனுப்பறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுடும். சீன விண்டோஸ், பிரெஞ்சு விண்டோஸ்ல இருக்கிற கோப்பு கொஞ்சம் வேற மாதிரி இருக்கும், அது சோதனை மேஜையில இல்லைன்னா அந்த ஊர்க்காரன் மெஷின்தான் சோதனைக்கூடம். இத்தனைக்கும் சீனமும் பிரெஞ்சும் எவ்ளோ பெரிய சந்தை! அப்ப ஒரு சந்துல ஒரே ஒரு மெஷின்ல ஓடுற வானவில் மாற்றி எந்த மூலைக்கு?

இங்கதான் நம்ம மேட்டர் வருது. தமிழ்ல தட்டச்சு செய்ற மென்பொருட்களை எடுத்துக்குங்க. முரசு அஞ்சல், எ-கலப்பை, அழகி, என்எச்எம் ரைட்டர். நாம எல்லாரும் இதுல ஏதோ ஒண்ணுல பிழைச்சவங்கதான். இதெல்லாம் என்ன செய்யுது? நீங்க 'ஏ', 'எம்', 'எம்', 'ஏ' ன்னு ஆங்கில விசைகளை அமுக்கறீங்க. அது நோட்பேடுக்குப் போறதுக்கு முன்னாடி நடுவுல ஒருத்தன் கையை நீட்டிப் பிடிச்சு, விழுங்கிட்டு, அதுக்குப் பதிலா தமிழ் எழுத்தைத் துப்பணும். எந்தச் செயலியில நீங்க இருந்தாலும், எல்லா விசையையும், எப்பவும் பாத்துக்கிட்டே இருந்தாத்தான் அது முடியும். விண்டோஸ்ல அதுக்கு ஒரு வழி இருக்கு, கொக்கின்னு சொல்லுவாங்க. விசைப்பலகைக்கும் செயலிக்கும் நடுவுல மாட்டுற கொக்கி.

இப்ப பாஸ்வேர்டு திருடுற நிரலை எடுத்துக்குங்க. அதுக்கும் எல்லா விசையையும், எல்லா செயலியிலேயும், எப்பவும் பாக்கணும். அதே கொக்கி! ஒரே வித்தியாசம், நம்மாளு எழுத்தை மாத்திக் குடுத்துட்டு மறந்துடுவார், அவன் எழுதி வச்சுக்கிட்டு எங்கேயோ அனுப்புவான். வெளியில நின்னு பாக்கிற காவல்காரருக்கு ரெண்டு பேரும் கொக்கியோட நிக்கிற ஆளுங்கதான். ஆங்கிலத்துல தட்டறவனுக்கு நடுவுல ஆளே தேவையில்ல. அதனால நடுவுல ஆள் நின்னாலே சந்தேகம்னு விதி எழுதறவனுக்கு, அதனால யாருக்கு அடி விழும்னே தோணாது.

என் நிரலோட குற்றப்பத்திரிகையை நானே எழுதிப் பாத்தேன். எஃப்9-ஐக் கவனிக்க விசைப்பலகையில கொக்கி. காப்பி பண்ணினதை மாத்த கிளிப்போர்டை வாசிக்குது. பைத்தான் நிரலை ஒரே கோப்பா கட்டறதுக்கு பைஇன்ஸ்டாலர் பயன்படுத்தினேன். அது நம்ம நிரலுக்கு முன்னாடி தன்னோட ஒரு தொடக்கத் துண்டைச் சேர்க்கும். ஓசியில கிடைக்கிறதால வைரஸ் எழுதற பசங்களும் அதையேதான் பயன்படுத்தறானுங்க. ஆக, என் கோப்போட முகமே திருடன் முகம். உள்ளே என்ன இருக்குன்னு பாக்காம முகத்தைப் பாத்தே தீர்ப்பு.

நாலாவது குற்றம்தான் பெரிசு: என்னை யாருக்கும் தெரியாது. 2009-க்கு அப்புறம் நார்ட்டன் மாதிரி ஆளுங்க மதிப்புப் பாக்கிற முறையைக் கொண்டு வந்தாங்க. எத்தனை பேர் மெஷின்ல இந்தக் கோப்பு இருக்கு, எத்தனை நாளா இருக்கு, யார் கையெழுத்துப் போட்டிருக்கான்னு பாப்பாங்க. 2012-ல விண்டோஸ் 8-லேயே ஸ்மார்ட்ஸ்கிரீன்னு இதைச் சேத்துட்டாங்க. கோடிப் பேர் பயன்படுத்தினா நல்லவன், ஒருத்தர் பயன்படுத்தினா சந்தேகத்துக்குரியவன். திருடனுங்க தினம் ஒரு புதுக் கோப்பு செய்றதால இந்த முறை நல்லாவே வேலை செய்யுதுங்கிறதையும் சொல்லணும். பொட்டி தட்டுறவனா எனக்கு அந்த நியாயம் புரியுது. ஆனா மாமா கடைக்கு வேண்டிய நிரலுக்கு உலகத்துல வாடிக்கையாளரே மாமா ஒருத்தர்தான். எந்த ஜென்மத்துல அது கோடியைத் தொடும்? கையெழுத்துச் சான்றிதழ் வாங்கலாமேன்னு விலை பாத்தேன். வருஷத்துக்குப் பல ஆயிரம் ரூபா. 2023 ஜூன்லேர்ந்து சாவியைத் தனி வன்பொருள்ல வேற வச்சுக்கணுமாம். மாமா எனக்குக் குடுத்த சம்பளம் ஒரு பிரியாணி.

சரி, ஒரு எதிர்ப்பான்தானே சொல்லுது, மத்தவங்க என்ன சொல்றாங்கன்னு வைரஸ்டோட்டல்ல கோப்பை ஏத்தினேன். 2004-ல ஸ்பெயின்ல ஆரம்பிச்ச சேவை இது, 2012-ல கூகுள் வாங்கிடுச்சு. எத்தனையோ எதிர்ப்பான்கள் ஒரே கோப்பைச் சோதிச்சு ஆளுக்கொரு தீர்ப்பு சொல்லும். என் கோப்பை ஒன்பது பேர் கெட்டதுன்னாங்க. ரெண்டு நாள் கழிச்சு அதே கோப்பு, ஒரு பைட் கூட மாறல, பதினொண்ணு. என்னடா இது, சும்மா கிடந்த கோப்பு ரெண்டு நாள்ல எப்படிக் கெட்டுப்போகும்?

இதுக்கும் ஒரு வரலாறு இருக்கு. காஸ்பர்ஸ்கி ஒரு சோதனை செஞ்சு 2010-ல வெளியிட்டாங்க. எந்தத் தீங்கும் இல்லாத 20 கோப்பு செஞ்சாங்க. அதுல 10-ஐ மட்டும் வேணும்னே கெட்டதுன்னு தங்களோட பட்டியல்ல சேத்துட்டு, இருபதையும் வைரஸ்டோட்டல்ல ஏத்தினாங்க. பத்து நாள்ல அந்தப் பத்துக் கோப்பையும் மத்தக் கம்பெனிங்களும் கெட்டதுன்னு சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க, அதிகபட்சமா 14 பேர் வரைக்கும். யாரும் பிரிச்சுப் பாக்கல, பக்கத்து பெஞ்சைப் பாத்து எழுதிட்டாங்க. (2015-ல இதே காஸ்பர்ஸ்கி மேல, போட்டிக் கம்பெனிகளை மாட்டி விட வேணும்னே இப்படிச் செஞ்சாங்கன்னு ராய்ட்டர்ஸ்ல செய்தி வந்துச்சு. அவங்க மறுத்துட்டாங்க.)

இதைப் படிச்சதும் எனக்கு ஞாபகம் வந்தது ஒரு கிணறு. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

1912. பாரதியார் 1908-லேர்ந்து நம்ம ஊர்ல. அரவிந்தர் 1910 ஏப்ரல்ல வந்துட்டார், அதே வருஷம் வ.வே.சு. ஐயரும். பிரிட்டிஷ் எல்லைக்குள்ள கால் வச்சா கைது. பிரெஞ்சு எல்லைக்குள்ள தொட முடியாது. அதனால இவங்களைக் குற்றவாளின்னு பிரெஞ்சுக்காரனையே நம்ப வைக்கணும்னு ஒரு திட்டம். மயூரேசன்னு ஒரு ஒற்றன் மூலமா, ஐயர் வீட்டுக் கிணத்துல காளி படமும் புரட்சிக் காகிதங்களும் அடைச்ச ஒரு ஜாடியைப் போட்டாங்க. போலீஸ் வந்து சோதிக்கும், ஜாடி கிடைக்கும், முடிஞ்சது கதை. ஆனா அதுக்கு முன்னாடியே ஜாடி ஐயர் வீட்டுல கண்ணுல பட்டுடுச்சு. அரவிந்தர் கிட்ட யோசனை கேட்டு, இவங்களே நேரா பிரெஞ்சு போலீஸ் கிட்ட போய் ஒப்படைச்சுட்டாங்க.

அப்பவும் சோதனை நிக்கல. நாந்தோ-ங்கிற பிரெஞ்சு விசாரணை நீதிபதி அரவிந்தர் வீட்டுக்கே வந்தார். வந்தவர் மேஜையைத் திறந்து பாத்தா லத்தீன், கிரேக்கப் புத்தகங்கள். இவ்ளோ படிச்சவரான்னு மனுஷன் அசந்துபோய், சோதனையை விட்டுட்டு, ஒரு நாள் வந்து என்னைப் பாருங்கன்னு கூப்பிட்டுட்டுப் போயிட்டார். மயூரேசன் பாண்டியை விட்டே ஓடவேண்டியதாச்சு.

இதுல எனக்கு உறுத்துற ஒரு விஷயம் இருக்கு. அரவிந்தர் தப்பிச்சது நாந்தோவுக்குத் தெரிஞ்ச மொழியில புத்தகம் வச்சிருந்ததால. மேஜையில லத்தீனுக்குப் பதிலா ஓலைச்சுவடி கட்டு இருந்திருந்தா நாந்தோ என்ன நினைச்சிருப்பார்? ஆனா ஒண்ணு, அந்த ஆள் நேர்ல வந்தார், திறந்து பாத்தார். காளி படம் இருந்துச்சா, புரட்சிக்காரன்தான்னு பட்டியலைப் பாத்து தூரத்துலேர்ந்து முத்திரை குத்திட்டுப் போகல.

நானும் ஜாடியைக் கையில எடுத்துக்கிட்டு நேரா போலீஸ் கிட்ட போகலாம்னு முடிவு பண்ணினேன். எல்லா எதிர்ப்பான் கம்பெனியும் இதுக்குன்னு ஒரு படிவம் வச்சிருக்காங்க. கோப்பை அனுப்பி, இது என்ன செய்யும், ஏன் கொக்கி போடுது, வானவில்னா என்ன, யூனிகோட் தமிழ் பேஜ்மேக்கர்ல ஏன் வேலை செய்யாதுன்னு ஒரு பக்கத்துக்கு ஆங்கிலத்துல எழுதினேன். காலேஜ் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்குக் கூட அவ்ளோ பொறுமையா எழுதல. அஞ்சாவது நாள் ஒத்தை வரியில பதில்: சரிபார்த்தோம், கண்டறிதல் நீக்கப்பட்டது. மாமாவுக்கு போன் பண்ணி, கம்பெனிக்காரனே நல்ல சர்ட்டிஃபிகேட் குடுத்துட்டான்னேன். அவருக்கும் சந்தோஷம்.

அடுத்த வாரம், ஒற்றெழுத்துல இருந்த ஒரு பிழையைத் திருத்தி புதுப் பதிப்பு குடுத்தேன். கோப்பு மாறினா கைரேகை மாறும் இல்லையா? மறுபடி ட்ரோஜன். மறுபடி படிவம், மறுபடி வானவில்னா என்னன்னு விளக்கம்.

மூணாவது தடவை எனக்கே வெறுத்துப் போச்சு. மாமா மெஷின்ல ஒரு ஃபோல்டர் செஞ்சு, இதுக்குள்ள இருக்கிறதைத் தொடாதேன்னு எதிர்ப்பான்ல விலக்கு குடுத்து, நிரலை அதுக்குள்ள வச்சுட்டு வந்துட்டேன். ஃபோல்டருக்கு மாமாவே பேர் வச்சார்: 'நம்ம ஆளு'. அப்புறம் ஒரு தொந்தரவும் இல்ல.

போன மாசம் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனவன் அப்படியே கடைப் பக்கம் எட்டிப் பாத்தேன். 'நம்ம ஆளு' வைத் திறந்தா உள்ளே நாப்பது அம்பது கோப்பு. வாடிக்கையாளர்கள் பென் டிரைவ்ல கொண்டு வந்த படம், எழுத்துரு, எங்கேயோ இறக்கின கோரல்டிரா துணுக்கு நிரல், எல்லாம்.

"என்ன மாமா இது?"

"எதைப் போட்டாலும் அது அழிச்சுடுது மாப்ள. இதுக்குள்ள போட்டா மட்டும் ஒண்ணும் சொல்றதில்ல. அதான் எல்லாத்தையும் இங்கயே வச்சிடறேன்."

விலக்கை எடுத்துட்டு அந்த ஃபோல்டரைச் சோதிக்க விட்டேன். ஏழு சிவப்புப் பெட்டி. அதுல ஆறு நிஜ வைரஸ். ஏழாவது நான்.